முதல் வரிசையில் ஓர் இடம்

உட்காருங்க அண்ணாச்சி, இந்தப் பையை மடியில் வைத்துக்கொள்கிறேன். இல்லை இல்லை, இடிக்கவில்லை. உள்ளே ஒரு மனு இருக்கிறது, கசங்கிவிடக் கூடாதே என்று பார்த்தேன். பிஷப் கையில் கொடுக்க வேண்டிய மனு.

கார் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறது, அதனால்தான் பஸ். இல்லாவிட்டால் மச்சாது முதலாளி பஸ்ஸில் வருகிற ஆளா என்று இந்த ரூட்டில் யாரை வேண்டுமானாலும் கேளுங்க. இந்தக் கண்டக்டரைப் பார்த்தீங்களா? பிஷப் வீட்டு நிறுத்தத்துக்கு ஒரு டிக்கெட் என்று தெளிவாகச் சொன்னேன். பஸ் ஸ்டாண்டுக்குக் கிழித்துக் கொடுக்கிறான். கேட்டால், "இருக்கட்டும் முதலாளி, ரெண்டு ரூபாதான் கூட" என்கிறான். என் காசுக்கு அவன் இருக்கட்டும் என்கிறான். காலம் அப்படி இருக்கிறது.

உங்க நெற்றியில் திருநீறு இருக்கிறது. நல்லதாகப் போயிற்று. எங்க ஆட்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் பாதியிலேயே "பாவம் பிரகாசி" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். உங்களுக்கு என்னையும் தெரியாது, அவளையும் தெரியாது. நியாயம் எது என்று நீங்க சொல்லுங்க. விஷயம் இவ்வளவுதான்: என் கல்லறையில் வேறொரு ஆளைப் புதைத்துவிட்டார்கள்.

சிரிங்க, பரவாயில்லை. என் வீட்டுக்காரியே சிரித்தாள்.

என் பெயர் வியாகப்பன் மச்சாது. சூசையார்புரம். நாற்பது ஏக்கர் உப்பளம். எங்க கோயில் கோபுரத்தில் தொங்குகிற மணி என் உபயம், அடிக்கிற ஃபேனில் பாதி என் உபயம். ஃபேன் இறக்கையில் பெயர் எழுதியிருக்கிறது. ஓடும்போது படிக்க முடியாது, அது வேறு விஷயம்.

எங்க வேதத்தில் பொதுத்தீர்வை என்று ஒன்று உண்டு அண்ணாச்சி. உலகம் முடிகிற நாளில் எக்காளம் ஊதும். செத்தவர்கள் எல்லாரும் கல்லறையிலிருந்து எழுந்திருப்பார்கள். ஆண்டவர் கிழக்கேயிருந்து வந்து ஒவ்வொருத்தருக்கும் தீர்ப்புச் சொல்வார். அதனால்தான் எங்களைப் புதைக்கிறபோது கால் கிழக்கே இருக்கும்படி வைப்பார்கள். எழுந்து நின்றால் நேரே அவர் முகம் தெரியும்.

சின்ன வயசில் இதைக் கேட்டதிலிருந்தே எனக்கு ஒரு யோசனை. ரேஷன் கடையானாலும் ரிஜிஸ்டர் ஆபீஸானாலும் முன்னால் நிற்கிறவனுக்கு ஒரு கவனிப்பு உண்டு. கடைசியில் நிற்கிறவன் போகிறபோது அதிகாரி அலுத்துப்போயிருப்பார், எரிந்து விழுவார். கல்லறைத் தோட்டத்தில் மட்டும் வேறு மாதிரியா இருக்கும்? அதனால், கிழக்குச் சுவரை ஒட்டி முதல் வரிசையில், சிலுவைக்கு நேரே ஓர் இடம் காலியானபோது விடவில்லை. பங்குச் சாமியார் அமலதாஸ் அடிகளைப் போய்ப் பார்த்தேன். அவருக்கு எதற்கெடுத்தாலும் நக்கல். "மச்சாது, தியேட்டரில் முதல் வரிசைதான் தரை டிக்கெட், தெரியுமில்லையா" என்றார். நானும் சிரித்துவிட்டு, கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்து, இடத்தை வாங்கிவிட்டேன்.

கட்டினேன் பாருங்க, சும்மா இல்லை. எங்க கல்லறைத் தோட்டம் தாழ்வான இடம், ரெண்டு நாள் மழை பெய்தால் குளம். அதனால் நாலு அடி மேடை எழுப்பி, மேடைக்கு மேல் ஓர் அறை மாதிரி கட்டி, சுற்றிலும் கறுப்பு கிரானைட் பதித்தேன். தலைமாட்டில் எக்காளம் ஊதுகிற சம்மனசு, அதாவது தேவதூதன். ராஜஸ்தான் சலவைக்கல்லில் அடித்தது. முன்பக்கம் தங்க எழுத்தில் என் பெயர், அதற்குக் கீழே பிறந்த தேதி, அதற்குக் கீழே மறைவு என்று போட்டு ஒரு கோடு. கோடு காலி. பிறகு கொத்தினால் எழுத்து ஒரே மாதிரி அமையாது என்று மேஸ்திரி சொன்னதால் பெயரை முன்னாலேயே கொத்திவிட்டோம். டொரோண்டோவில் இருக்கிற மூத்தவனுக்கு வீடியோவில் காட்டினேன். "பாலிஷ் நல்லா வந்திருக்குப்பா, யாரு காண்டிராக்ட்?" என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான்.

ஊரே வந்து பார்த்தது. கடலே ஏறி வந்தாலும் இந்தக் கல்லறைக்குள் ஒரு சொட்டு இறங்காது என்று நான்தான் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். அதுதான் வினையாகப் போயிற்று.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் டிசம்பர் மழை உங்களுக்கு நினைவிருக்கும். உங்க ஊர்ப் பக்கமும் அடித்திருக்குமே. நான் அப்போது சென்னையில் இளையவன் வீட்டில் இருந்தேன். பேத்திக்குப் பிறந்த நாள். அங்கே கேக் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள், இங்கே வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றுகிறது. என் உப்பு முழுக்க அளத்தில் மேட்டின் மேல் அம்பாரம் அம்பாரமாகக் கிடக்கிறது. விலை ஏறட்டும் என்று நிறுத்தி வைத்திருந்தேன். நாற்பது லட்ச ரூபாய் உப்பு. கங்காணிக்குப் போன் போட்டேன். ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன்: "புதுத் தார்ப்பாயைப் போட்டு மூடு, என்ன ஆனாலும் தார்ப்பாயை விட்டுறாதே." அவ்வளவுதான். அதோடு சிக்னல் போய்விட்டது. ஒரு முதலாளி தன் சொத்தைப் பற்றி அதற்குமேல் என்ன சொல்வான், நீங்களே சொல்லுங்க.

அடுத்த நாலு நாளும் போன் இல்லை, ரோடு இல்லை, ரயில் இல்லை. ஐந்தாம் நாள் ஊர் வந்து சேர்ந்தேன். முதலில் அளத்துக்குத்தான் போனேன். வெள்ளை வெளேர் என்று மலை மாதிரி நின்ற உப்பு அத்தனையும் கரைந்து, மேடு மொட்டையாகக் கிடந்தது. கடல் தண்ணீரைப் பாய்ச்சி எடுத்தோம், கடலுக்கே போய்விட்டது. நின்று பார்த்தேன். சரி, இன்னொரு வருஷம் எடுத்துக்கொள்ளலாம் என்று திரும்பினேன். எனக்கு மனதைரியம் உண்டு அண்ணாச்சி, அதை யாரும் குறை சொல்ல முடியாது.

அப்போதுதான் கங்காணி தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான். "முதலாளி, நம்ம பிரகாசியைத் தண்ணி கொண்டு போயிட்டு."

பிரகாசி யார் என்று சொல்லவில்லையே. எங்க அளத்தில் உப்புச் சுமந்தவள். முப்பத்தொரு வருஷம். தலையில் கூடையோடு அவளைப் பார்த்துத்தான் பழக்கம், கூடை இல்லாமல் எதிரே வந்தால் எனக்கு அடையாளம் தெரியாது. நல்ல வேலைக்காரி. ஒரு துடைப்பத்தை எடுத்தால்கூட எடுத்த இடத்தில் வைப்பாள். கால் மட்டும் பார்க்கச் சகிக்காது, உப்பு அரித்து அரித்துப் பாளம் பாளமாக வெடித்திருக்கும். நான் கவனிக்காமல் இல்லை. இன்ஸ்பெக்‌ஷன் வந்த வருஷம் எல்லாருக்கும் ரப்பர் பூட்ஸ் கொடுத்தேன். அதிகாரி போனதும் திரும்ப வாங்கி அறையில் வைத்தோம், பாழாகிவிடக் கூடாது என்று. இன்னும் புதுசாகவே இருக்கிறது.

தார்ப்பாய் கட்டப் போனவர்கள் மூன்று பேர். கரை உடைந்தபோது ரெண்டு பேர் தப்பித்து வந்துவிட்டார்கள். இவள் வரவில்லை. மறுநாள் மதியம் வடிகாலில் கண்டெடுத்திருக்கிறார்கள். கரண்டு இல்லை, ஐஸ் பெட்டி இல்லை, டவுனுக்கு ரோடு இல்லை. கல்லறைத் தோட்டத்தில் இடுப்பளவு தண்ணீர், எங்கே தோண்டினாலும் ஊறுகிறது. ரெண்டு நாள் கோயிலுக்குள்ளேயே பெஞ்சில் வைத்திருந்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் தாங்கவில்லை. அமலதாஸ் சாமியார் ஒரு சுற்றுப் பார்த்தார். தண்ணீருக்கு மேலே தெரிந்தது ஒன்றே ஒன்று. சலவைக்கல் சம்மனசும் அதன் கீழே என் கிரானைட்டும்.

திறந்து வைத்துவிட்டார்கள்.

சாமியாரிடம் போய் நின்றேன். "யாரைக் கேட்டு வைத்தீங்க?" என்றேன். "உங்களைக் கேட்க மூன்று நாள் போன் போட்டேன் மச்சாது. பிரகாசியால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை" என்றார். பேச்சைப் பாருங்க. "ஒரு சொட்டுத் தண்ணி இறங்காது என்று நீங்கதானே சொன்னீங்க? இறங்கவில்லை. நல்ல வேலைப்பாடு" என்று பாராட்டு வேறு.

"சரி, மழை விட்டாச்சு, எடுத்து வேறு இடத்தில் வையுங்க" என்றேன். எடுக்க முடியாதாம். புதைத்த உடம்பைத் தொட வேண்டுமென்றால் பிஷப் எழுத்து வேண்டும், சர்க்கார் உத்தரவு வேண்டும், இறந்தவளின் வாரிசு சம்மதம் வேண்டும். இல்லையென்றால் சில வருஷம் போக வேண்டும். எனக்கு எழுபத்தொன்று நடக்கிறது. நெஞ்சில் ரெண்டு இடத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. இந்தச் சில வருஷத்துக்குள் எனக்கு ஒன்று ஆகிவிட்டால்? இடம் இல்லாமல் மேற்குச் சுவர்ப் பக்கம் கடைசி வரிசையில் கொண்டுபோய் வைப்பார்கள். நினைத்துப் பாருங்க, கல்லில் என் பெயர் முதல் வரிசையில் மின்னுகிறது, நான் பின்னால் கருவேல முள்ளுக்குள் கிடக்கிறேன்.

சரி, ஆத்திரப்படக் கூடாது, மெதுவாகப் பார்ப்போம் என்றுதான் இருந்தேன். போன வருஷம் நவம்பர் ரெண்டாம் தேதி வரைக்கும்.

அன்றைக்குத்தான் எங்களுக்குக் கல்லறைத் திருநாள். ஊர் முழுக்கக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும். வெள்ளையடித்து, மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பார்கள். சாமியார் ஒவ்வொரு கல்லறையாக வந்து தீர்த்தம் தெளித்து ஜெபம் சொல்வார். நானும் வீட்டுக்காரி மெடில்டாவும் போனோம். என் கல்லறையில் யாரோ சம்பங்கி மாலை போட்டு, பத்துப் பன்னிரண்டு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறார்கள். பக்கத்தில் முக்காடு போட்டுக்கொண்டு ஒரு பெண்பிள்ளை நிற்கிறாள். பிரகாசியின் மகள் ரெஜினா. என்னைப் பார்த்ததும் ஒதுங்கி நின்றாள். திங்கட்கிழமை தவறாமல் வந்து துடைத்துவிட்டுப் போகிறாளாம். பாலிஷ் கொஞ்சமும் மங்கவில்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

அந்த நேரம் பார்த்துச் சின்னச் சாமியார் வந்தார். அந்த மாதம்தான் எங்க பங்குக்கு மாற்றலாகி வந்த புது ஆள், என்னைத் தெரியாது. நேரே கல்லைப் பார்த்தார், கணீரென்று படித்தார்: "மரித்த விசுவாசியாகிய வியாகப்பன் மச்சாதுவின் பாவங்களை ஆண்டவர் மன்னித்து, அவருடைய ஆன்மாவுக்கு நித்திய இளைப்பாற்றி அளிப்பாராக."

சுற்றி நின்ற அத்தனை பேரும், "ஆமென்" என்றார்கள்.

நான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு அங்கேதான் நிற்கிறேன். தீர்த்தம் என் கண்ணாடியிலும் விழுந்தது. ஒருத்தனாவது சொல்ல வேண்டுமே, சாமி, ஆள் உயிரோடு இருக்கிறார் என்று. குனிந்துகொண்டு சிரிக்கிறார்கள். ரெஜினா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது, சொன்ன பெயரையும் கவனிக்கவில்லை போல, கண்ணை மூடிக்கொண்டு ரொம்பப் பயபக்தியாக ஆமென் சொன்னாள்.

வீட்டுக்கு வருகிற வழியில் நான் கத்திக்கொண்டே வந்தேன். மெடில்டா சொன்னாள்: "ஊரே சேர்ந்து உங்களுக்காக வேண்டிக்கிட்டது இன்னைக்குத்தான். அதையும் கெடுத்துறாதீங்க."

நாற்பத்தாறு வருஷம் கூட இருந்தவள் பேசுகிற பேச்சா இது?

மறுநாளே வக்கீலைப் பிடித்து மனு எழுதிவிட்டேன். வாரிசு சம்மதம்தான் பாக்கி. அவள் லேசில் தர மாட்டாள், பேரம் பேசுவாள் என்று நினைத்து, ஒரு தொகையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் ரெஜினா வீட்டுக்குப் போனேன். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் காலனி. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். ஓடிப்போய்க் கடையில் கலர் சோடா வாங்கி வந்து உடைத்துக் கொடுத்தாள். நான் சுற்றி வளைத்து, தேங்காய் உடைத்த மாதிரிப் பட்டென்று எப்படிச் சொல்வது என்று யோசித்து, ஒருவழியாகச் சொன்னேன். அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"எடுத்துக்கிடுங்கய்யா. அம்மா இருந்தாலும் அதைத்தான் சொல்லும். முதலாளி இடத்துல ரொம்ப நேரம் உக்காரக் கூடாதுன்னு சொல்லும்."

கைநாட்டு வைத்துவிட்டாள். இந்தா பாருங்க, இதுதான் அவள் பெருவிரல். மை கொஞ்சம் இழுகிவிட்டது. சட்டைப்பைக்குக் கை போகவே வேண்டியிருக்கவில்லை. எவ்வளவு சுலபமாக முடிந்தது பார்த்தீங்களா? நல்ல குணம், தாய் மாதிரியே. அப்போதே எழுந்து வந்திருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காது. பேச்சோடு பேச்சாக, "அந்தத் தார்ப்பாய் என்ன ஆச்சு புள்ள? கங்காணியைக் கேட்டால் முழிக்கிறான்" என்று கேட்டுவிட்டேன். புதுத் தார்ப்பாய் அண்ணாச்சி. நாலு முழ உயரத்துக்கு நீலப் பெயின்டில் மச்சாது உப்பளம் என்று எழுதி வாங்கியது.

"அது அம்மாகிட்டத்தான் இருக்குய்யா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"கயித்தைக் கையில சுத்திப் பிடிச்சிருந்துச்சு. வெரலு மடங்கிப்போச்சு, பிரிக்க முடியல. அறுக்கவும் மனசு வரல. சுத்துறதுக்கும் காய்ஞ்ச துணி இல்ல. அப்படியே அதுலயே சுத்தி வச்சிருங்கன்னு சாமி சொல்லிட்டாவ." பிறகு, நான் கோபப்படுவேன் என்று நினைத்தாளோ என்னவோ, என்னைத் தேற்றுகிற மாதிரிச் சொன்னாள்: "கங்காணி வந்து ஐயா போன்ல சொன்னதைச் சொன்னாவ. தார்ப்பாயை விட்டுறாதீங்கன்னு. மத்த ரெண்டு பேரும் விட்டுட்டு ஓடியாந்துட்டாவ. அம்மா விடலைய்யா. கடைசி மட்டும் விடல."

நான் கலரைக் குடித்தேன். ரொம்ப இனிப்பு. இந்தக் காலத்துக் கலரில் சர்க்கரையை அள்ளிக் கொட்டுகிறார்கள், நெஞ்சிலேயே நிற்கிறது.

நான் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லையே அண்ணாச்சி? தார்ப்பாயைப் பற்றிச் சொன்னேன். ஆளைப் பற்றி நான் ஒன்றுமே சொல்லவில்லை. கரை உடைந்தால் விட்டுவிட்டு ஓட வேண்டும் என்று யாராவது தனியாகச் சொல்வார்களா? மத்த ரெண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறதே.

அதன்பிறகு இந்தப் பொதுத்தீர்வையை நினைத்தால்தான் கொஞ்சம் கணக்கு இடிக்கிறது. எக்காளம் ஊதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்க. என் சம்மனசின் எக்காளம் மழையில் ஒடிந்துவிட்டது, அதை விடுங்க, மேலே வேறு இருக்கும். எல்லாரும் எழுந்திருக்கிறார்கள். முதல் வரிசையில், சிலுவைக்கு நேரே, அவள் எழுந்திருக்கிறாள். அந்தக் காலோடு. கல்லில் என் பெயர், மேலே சுற்றியிருப்பதில் என் பெயர், கையில் கயிறு. ஆண்டவர் எதிரே நிற்கிறார். வேறு யாராக இருந்தாலும் அவர் காலில் விழுவார்கள். இவள் குணம் எனக்குத் தெரியும். எடுத்ததை எடுத்த இடத்தில் சேர்க்காமல் வேறு வேலை பார்க்க மாட்டாள். சுற்றுமுற்றும் பார்ப்பாள், என்னைத் தேடுவாள். "இந்தாங்க முதலாளி, விடல" என்று எல்லார் முன்னாலும், அவர் முன்னாலும், தார்ப்பாயை நீட்டுவாள். நான் கையை நீட்டி வாங்க வேண்டும். ஆண்டவர் பார்த்துக்கொண்டிருப்பார். மணி கொடுத்தேன், ஃபேன் கொடுத்தேன் என்று அந்த நேரத்தில் எப்படி ஆரம்பிப்பது?

அதற்குத்தான் அவளைப் பின் வரிசைக்கு மாற்றச் சொல்கிறேன். அதிலும் ஒரு சிக்கல். பின்னாலிருந்து தேடிக்கொண்டு வந்தால் வழியெல்லாம் கூட்டம் பார்க்கும். அதுவுமில்லாமல், இப்போது திறந்தால் அந்த நீல எழுத்தை ஊர் இப்போதே பார்க்கும். திறக்காமல் விட்டால் அப்போது பார்ப்பார்கள். அமலதாஸ் சாமியாரிடம் இதைக் கேட்டேன். நக்கல் எதுவும் பண்ணவில்லை. "போய்க் கொடுங்க மச்சாது, மனு உங்க கையில்தான் இருக்கிறது" என்றார். அவர் நக்கல் பண்ணாமல் பேசியது எனக்கு என்னமோ பிடிக்கவில்லை.

அதோ வருகிறது பாருங்க, பச்சை கேட், உள்ளே பெரிய வேப்பமரம், அதுதான் பிஷப் வீடு. செவ்வாய்க்கிழமை ஜனங்களைப் பார்ப்பார். நல்ல மனுஷன். கொடுத்தால் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள்.

"பிஷப் வீடு இறங்குறவங்க."

கேட்டீங்களா, சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் விசில் கொடுத்துவிட்டான். இவனுக்கு என்ன கொழுப்பு பாருங்க. நான் எழுந்திருக்க மாட்டேன் என்று இவனுக்கு யார் சொன்னது? உட்காருங்க, நீங்க எதற்கு வழி விடுகிறீங்க. வண்டி கிளம்பிவிட்டது. போகட்டும். போன செவ்வாய் கண் அசந்துவிட்டேன். அதற்கு முந்தின செவ்வாய் செருப்பு சீட்டுக்கு அடியில் போய்விட்டது, தேடி எடுப்பதற்குள் நிறுத்தம் தாண்டிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அங்கே டீ நன்றாக இருக்கும், நீங்களும் வாங்க. வானம் வேறு கறுத்துக்கொண்டு வருகிறது. கங்காணிக்குப் போன் போட்டு, மழை பிடித்தால் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடு என்று சொல்ல வேண்டும். காலையிலிருந்து நாலு தடவை சொல்லிவிட்டேன். இன்னொரு தடவை சொன்னால் என்ன?

காரா? அது ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்து எட்டு மாதம் ஆகிறது அண்ணாச்சி. வீட்டு ஷெட்டில்தான் நிற்கிறது. டிரைவர் தினமும் துடைத்து வைக்கிறான். அதில் வந்தால், நேரே அந்தப் பச்சை கேட் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்திக் கதவையும் திறந்துவிடுவான்.